பிளாஸ்திரிக்குக் கீழே

வாளியில் ஹைப்போவை ஊற்றினாள், கண் எரியவில்லை. பஞ்சம்மாளுக்கு முதலில் தட்டுப்பட்ட கோளாறு அதுதான்.

கம்பத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆப்பரேஷன் தியேட்டரைப் பதினொரு வருஷமாகக் கழுவித் துடைக்கிறவள் அவள். மூடியைத் திருகினாலே அந்தக் கிருமிநாசினி மூக்கைச் சுள்ளென்று இழுக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், ரெண்டு தும்மலாவது போடவைக்கும். இன்று ஒன்றுமே இல்லை. புது கேன், சீல் உடைத்ததும் அவள்தான். முகத்தில் ரெண்டு மாஸ்க் கட்டியிருந்தும் அதையெல்லாம் தாண்டி ஏறியது வேறொரு வாடை. விலை போகாத திராட்சையைத் தோட்டத்து மூலையில் கொட்டி வைத்தால் நாலாம் நாள் வெயிலில் புளித்துக் கிடக்குமே, அந்த இனிப்பு. அந்த இனிப்புக்கு அடியில் செத்த எலி.

வாடைக்குச் சொந்தக்காரர் யார் என்று அவளுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குப் பண்ணைப்புரம் பக்கமிருந்து சீனிச்சாமி என்ற சம்சாரியைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். திராட்சைப் பந்தலில் துருப்பிடித்த கம்பி குதிகாலில் ஏறியிருக்கிறது. மனுஷன் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாமா? யார் பேச்சையோ கேட்டுச் சாணியை அப்பித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாலு நாளாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். கட்டை அவிழ்த்தபோது வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, தோலில் கொப்புளம் கொப்புளமாகக் கருநீர் கோத்திருந்தது. தொடையோடு எடுத்தால்தான் ஆள் தேறுவார் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் பற்றாக்குறை. அறுக்கும்போது காலைப் பிடித்துக்கொள்ளப் பஞ்சம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். கெண்டைக்காலைப் பற்றியவளுக்கு விரலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருந்தது. தோலுக்கு உள்ளே, சதைக்கு உள்ளே. அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"என்ன தம்பி இது? உள்ள என்னமோ ஒடையுது?"

தியேட்டர் டெக்னீஷியன் ஞானசிகாமணி மயக்க மெஷினைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான். "காத்துக்கா. மண்ணுல, சாணியில கெடக்குற கிருமி உள்ள போயி சதையத் தின்னுட்டுக் காத்து விடுது. காத்துப் படாத எடந்தான் அதுக்குச் சொகம். மூடி மூடி வச்சா நல்லாப் பெருகும்."

அறுத்த காலை மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் போனதும் அவள்தான். ஆளை ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினார்கள். வீரபாண்டி தாண்டும்போதே உயிர் போய்விட்டதாகப் பதினொரு மணிக்குப் போன் வந்தது.

இந்த மாதிரி கேஸ் முடிந்தால் தியேட்டரைப் பூட்டவேண்டும். மேலிருந்து கீழாக மூன்று தடவை கழுவித் துடைத்து, ராத்திரி முழுக்கப் புகை மருந்து அடித்து, அங்கங்கே பஞ்சால் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்த பிறகுதான் திறக்கவேண்டும். சட்டம் அதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பதே ஒரு தியேட்டர். ராத்திரிப் புகையோடு சரி, காலையில் திறந்துகொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் கேஸ் சிசேரியன். வயிற்றைக் காட்டிப் படுக்கப்போவது பஞ்சம்மாளின் மகள் திரிஷா.

அவளை இங்கே சேர்த்ததே பஞ்சம்மாள்தான். மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனுக்கு ஜெயமங்கலம். தேனியில் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்ப்போம் என்று அவன் வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். பஞ்சம்மாள் மசியவில்லை. "அங்கன எவ கழுவுறாளோ, எப்பிடிக் கழுவுறாளோ. இது நாங் கழுவுற தியேட்டரு, மாப்ள. எங் கையி பட்ட எடத்துல எம் பிள்ள படுக்கட்டும்" என்று மார்தட்டினாள். திரிஷா இப்போது மாடியில் பத்தாம் நம்பர் அறையில் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அதனால்தான் இன்று மூன்றல்ல, நாலு தடவை துடைப்பது என்று பஞ்சம்மாள் முடிவு கட்டியிருந்தாள். தியேட்டர் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: விளக்கு, சுவர், மெஷின், டேபிள், தரை என்று கட்டங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் கையெழுத்து. கையுறை ஈரத்தோடு பேனாவைத் தொட்டால் தாள் கிழிகிறது என்று சிஸ்டர் அனுசுயா ஒருநாள் எரிந்து விழுந்ததிலிருந்து, வேலை தொடங்குமுன் உலர்ந்த கையாலேயே எல்லாக் கட்டத்திலும் போட்டுவிடுவது அவள் வழக்கம். இன்றும் போட்டுவிட்டாள்.

துடைக்கும்போது ஏசி ஓடக்கூடாது. ஜன்னல் கிடையாது. வெளியே நடுப்பகல், ஆடிக்காற்று ஊரையே புரட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அதன் சாடையாகச் சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனின் தகரமூடி மட்டும் டக், டக் என்று அடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் கவுனுக்குள் வேர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி உள்பாவாடை நாடாவில் தேங்கியது. விளக்கின் தலையைத் துடைத்தாள், அதில் ஒரு துளி ரத்தம் எப்படித்தான் அவ்வளவு உயரம் போனதோ, பொட்டு வைத்த மாதிரி காய்ந்திருந்தது. சுவரைத் துடைத்தாள். மெஷினைத் துடைத்தாள். டேபிளையும் அதன் மெத்தையையும் சோப்புத் தண்ணீரில் ஒரு தரம், ஹைப்போவில் ஒரு தரம் துடைத்தாள். கடைசியாகத் தரையை உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னோக்கி வந்து முடித்தாள். வாடை அப்படியே இருந்தது.

ரெண்டாம் தடவை. அப்படியே இருந்தது. மூன்றாம் தடவை முடிந்தபோது கூடியிருந்தது.

பஞ்சம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எங்கேயோ ஒரு துணுக்குச் சதை ஒளிந்துகொண்டு அவளை ஏய்க்கிறது என்று பட்டது. மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு மோப்பம் பிடிக்க ஆரம்பித்தாள். கோழை உறிஞ்சும் பாட்டிலுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள், சோப்பு வாசம்தான். டிராலிச் சக்கரங்களைக் கவிழ்த்துப் போட்டு ஊக்கால் நோண்டினாள். யார் யாருடைய முடியோ, தையல் நூலோ, பொருக்குத் தட்டிய ரத்தமோ, திரிதிரியாக வந்தது. எல்லாவற்றையும் எடுத்துப் பையில் கட்டினாள். பதினொரு வருஷமாக இந்தச் சக்கரங்களை இப்படித்தான் விட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தகரமூடி டக் என்று அடித்து நின்றது. அந்த அமைதியில் வேறொரு சத்தம் கேட்டது.

புளுக்.

இட்லி மாவு புளித்துப் பொங்கும்போது சட்டிக்குள் ஒரு குமிழி உடையுமே, அவ்வளவுதான். பஞ்சம்மாள் துடைப்பத்தை ஊன்றியபடி அசையாமல் நின்றாள். ஒரு நிமிஷம் போனது. மறுபடி புளுக் என்றது. அறையின் நடுவிலிருந்து. டேபிளிலிருந்து.

டேபிள் மெத்தை கறுப்பு ரெக்ஸின். கால் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன் கத்தரி விழுந்து கிழிந்த இடம். புது மெத்தை கேட்டு எழுதியிருக்கிறோம், வருகிறவரைக்கும் ஒட்டிவை என்றார்கள். மெத்தையும் வரவில்லை, கேட்டவர்களும் மறந்தாயிற்று. பிளாஸ்திரி ஓரம் தூக்கும்போதெல்லாம் மேலேயே இன்னொன்றை ஒட்டி, அதன் மேலேயே ஹைப்போவால் துடைத்து, பளிச்சென்று வைத்துக்கொள்வது பஞ்சம்மாளின் கெட்டிக்காரத்தனம். ஒன்றின் மேல் ஒன்றாக விரல் கனத்துக்கு ஏறிவிட்டிருந்தது. காலையில் சீனிச்சாமியின் தொடை கிடந்ததும் சரியாக அதற்கு மேல்தான்.

இப்போது அந்தப் பிளாஸ்திரி உப்பியிருந்தது.

தொட்டாள். கையுறைக்கு மேலேயே சூடு தெரிந்தது. பக்கத்து இரும்பைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. மறுபடி மெத்தையைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி.

உரித்துத்தான் ஆகவேண்டும். நாளைக்கு இதன் மேல்தான் திரிஷா. விரல் நுனியால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். மேல் பிளாஸ்திரி வெள்ளையாக வந்தது. அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது பழுப்பு, பிசின் நூல் நூலாக இழுபட்டது. பிறகு கருஞ்சிவப்பு. ஒவ்வொரு அடுக்குக்கும் வாடை ஒரு படி ஏறியது. ரெண்டு வருஷத்துப் பிரசவங்கள், குடல்வால்கள், கட்டிகள், விபத்துகள். மேலே துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாளே, அத்தனையும் உள்ளேதான் இறங்கியிருக்கிறது. அவள்தான் மூடி மூடி வைத்திருக்கிறாள். கடைசி அடுக்கை உரித்துத் தரையில் எறிந்தாள்.

உள்ளே ஸ்பாஞ்சு இருக்கவேண்டும். ஸ்பாஞ்சு இல்லை. ஈரமாக, ஈரல் நிறத்தில், மினுமினுப்பாக ஏதோ இருந்தது. அதன் மேல் ஒரு குமிழி மெல்லப் பெருத்து, உடைந்தது. ஓரத்து ரெக்ஸின் சன்னமாகச் சுருங்கி விரிந்தது.

எவ்வளவு ஆழம் என்று பார்க்க ரெண்டு விரலை உள்ளே விட்டாள். அதை ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது; பதினொரு வருஷமாக அழுக்கைக் கண்டால் கைவிட்டு எடுக்கிற கை. வெதுவெதுப்பு. வழுவழுப்பு. கைக்குழந்தையின் வாய்க்குள் விரல் விட்ட மாதிரி.

அது சப்பியது.

கையை உருவினாள். வரவில்லை. காலை டேபிளில் உதைத்து இழுத்தாள். வந்துவிட்டது. கை மட்டும் வந்தது. கையுறை வரவில்லை. நீல ரப்பரின் நுனி அந்தக் கிழிசலில் ஒரு கணம் தெரிந்தது. பிறகு அதுவும் உள்ளே போனது.

பஞ்சம்மாள் எப்படிக் கதவைத் திறந்தாள் என்று தெரியாது. வராந்தாவில் வந்து விழுந்தபோது எதிரே டிராலி வந்துகொண்டிருந்தது. தள்ளியது ஞானசிகாமணி. பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக சிஸ்டர் அனுசுயா, டாக்டரம்மா, முகம் வெளிறிப்போன சுரேஷ்கண்ணன். டிராலியில் திரிஷா.

"யம்மா, பிள்ளைக்கு நெஞ்சுத் துடிப்புக் கொறையுதாம்மா" என்று கையை நீட்டினாள் திரிஷா.

பஞ்சம்மாள் டிராலியின் முன்னால் கையை விரித்து நின்றாள். "உள்ள வேணாம்! டாக்டரம்மா, இங்கன வேணாம். தேனிக்குக் கொண்டுபோயிருவோம்."

"ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளை பத்து நிமிஷம்கூடத் தாங்காது" என்றார் டாக்டரம்மா. "தியேட்டர் துடைச்சாச்சா இல்லையா?"

"தொடைச்சேன். போகல. மெத்தைக்குள்ள... அந்த மெத்தைக்குள்ள என்னமோ இருக்கு. உசுரோட இருக்கு."

சிஸ்டர் அனுசுயா கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். "டேபிள், தரை, எல்லாத்துக்கும் நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீக? முடியலைன்னா எதுக்குப் போட்டீக?"

பஞ்சம்மாளும் தாளைப் பார்த்தாள். தன் எழுத்து. ஐந்து கட்டத்திலும், அழகாக, காய்ந்த மையில்.

"தம்பி, நீ போய்ப் பாரு. அந்தப் பிளாஸ்திரி எடத்தப் பாரு" என்று ஞானசிகாமணியின் சட்டையைப் பிடித்தாள்.

அவன் உள்ளே ஓடிப்போய் உடனே திரும்பி வந்தான். "நல்லாத்தானக்கா இருக்கு. புதுசா பிளாஸ்திரி ஒட்டியிருக்கீக. ஹைப்போ வாடைதான் கண்ணக் கரிக்குது."

திறந்த கதவு வழியாக அவளும் பார்த்தாள். மெத்தையில் வெள்ளை வெளேரென்று ஒரே ஒரு பிளாஸ்திரி. உரித்து எறிந்த அடுக்குகளில் ஒன்றுகூடத் தரையில் இல்லை. அவளுடைய வலது கையில் மட்டும் கையுறை இல்லை.

"தரையில போட்டு அறுங்க. இந்த டிராலியிலயே வச்சு அறுங்க" என்று கும்பிட்டாள். அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "பஞ்சம்மா, ஒரே கேள்வி. பிள்ளை வேணுமா, வேணாமா?"

சுரேஷ்கண்ணன் மாமியாரைப் பார்த்தான். திரிஷா அம்மாவைப் பார்த்தாள். பஞ்சம்மாள் கையை இறக்கினாள். வழியை விட்டு விலகி நின்றாள்.

திரிஷா அம்மா இல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்று அழுததால், பஞ்சம்மாளைத் தலைமாட்டில் நிற்கவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு, படுக்கவைத்து, கழுத்திலிருந்து கால்வரை பச்சைத் துணியால் மூடி, வயிற்றுக்கு நேரே மட்டும் திறந்துவிட்டார்கள். திரிஷாவின் மார்புக்கு மேலே ஒரு திரை. திரிஷாவுக்குத்தான் அது மறைப்பு; நின்றுகொண்டிருந்த பஞ்சம்மாளுக்கு எல்லாம் தெரிந்தது.

"வலிக்குதா தாயி?"

"ஒண்ணுமே தெரியலம்மா. இடுப்புக்குக் கீழ எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்கு. மெத்தைதான் நல்லா வெதுவெதுன்னு இருக்கு."

கத்தி இறங்கியது. டாக்டரம்மாவின் கை வேகவேகமாகப் போனது. பஞ்சம்மாள் வயிற்றைப் பார்க்கவில்லை, கால் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதம் ரெண்டும் துணிக்கு அடியில் ரெண்டு சின்ன மேடாக நின்றன. அவை அங்கேயே இருக்கட்டும் என்று கௌமாரியம்மனை வேண்டினாள்.

பிள்ளை வெளியே வந்தது. ஒரு கணம் சத்தமில்லை. சிஸ்டர் அனுசுயா தலைகீழாகப் பிடித்து முதுகில் தேய்க்க, வீரிட்டது. ஞானசிகாமணி "ஆத்தா, பொழச்சுக்கிச்சு" என்று சத்தமாகச் சிரித்தான். சிஸ்டர் பிள்ளையைத் துடைக்க மூலைக்குக் கொண்டுபோனாள், அவனும் கூடவே எட்டிப் பார்க்கப் போனான். டாக்டரம்மா குனிந்து தைக்க ஆரம்பித்தார். பஞ்சம்மாளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பைத்தியக்காரி, புழுக்கத்தில் வெந்த மூளை, என்னத்தையோ கண்டு பயந்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இடது பக்க மேடு இறங்கியது.

யாரும் தொடவில்லை. துணி மெல்ல, காற்றுப் போகிற பலூன் மாதிரி, அமுங்கியது. அங்கே பாதம் இல்லை.

பஞ்சம்மாள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். வலது மேடும் சாய்ந்தது.

"டாக்டரம்மா... காலு. எம் பிள்ள காலு."

"மரத்துத்தான் இருக்கும். நாலு மணி நேரத்துல சரியாயிடும்." அவர் நிமிரவில்லை. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது.

முழங்கால். ஒன்று. ரெண்டு.

பஞ்சம்மாள் மகளின் அக்குளில் கைகொடுத்துப் பிடித்தாள். இழுத்தாள். கனம். மறுமுனையில் யாரோ பிடித்திருந்தார்கள். நிதானமாக. பொறுமையாக.

"ஏம்மா இழுக்குற? கூசுது" என்று திரிஷா சிரித்தாள். மூலையில் பிள்ளை அழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்தபடி கண்ணை மேலே உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"என்ன பிள்ளம்மா? பையனா, பொண்ணா?"

டாக்டரம்மா தைத்துக்கொண்டிருந்தார். அவர் கைக்குக் கீழே, தொடை தொடங்கவேண்டிய இடத்திலிருந்து டேபிளின் கடைசி வரைக்கும், பச்சைத் துணி ஒரு சுருக்கமும் இல்லாமல் தட்டையாகக் கிடந்தது.